அரியநாயகத்தின் முதல் கல்

"எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை, தாயே" என்றார் அரியநாயகம்.

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மொட்டைப்பாறை மடத்துக்கு அவர் வந்து ஏழு மாதம். வயது அறுபத்திரண்டு. குருவான வடிவம்மை அவரைவிட இருபது வயது இளையவள். இந்த ஏழு மாதத்தில் பாயை எட்டு இடம் மாற்றிவிட்டார். குகைக்குள் காற்றில்லை என்றார். சுனையடியில் ஈரம் என்றார். படிக்கட்டருகே ஆள் நடமாட்டம் என்றார். பெரியவர் பாயைத் தலையில் வைத்துக்கொண்டே தியானம் பண்ணினால் அலைச்சல் மிச்சம் என்று, கஞ்சி காய்ச்சும் மருதாயி சொல்லியிருந்தாள்.

காரணம் காற்றுமில்லை, ஈரமுமில்லை.

அவர் முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய் நிலம் அளந்தவர். ஒருமுறை, தன் சொந்தக்காரர் ஒருவர் கையைப் பிடித்துக் கேட்டார் என்று, முதல் கல்லைப் பத்தடி தள்ளி நட்டார். மற்ற அளவெல்லாம் அந்தக் கல்லிலிருந்துதான். பத்தடியில் காத்தாயி என்பவளின் கிணறு அந்தச் சொந்தக்காரர் வரப்புக்குள் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷமாக அவள் தன் கிணற்றுத் தண்ணீரை இன்னொருவரிடம் கேட்டு இறைக்கிறாள். கல் நகர்ந்தது அவளுக்குத் தெரியாது.

நேற்று மலையேறி வந்த ஒருவர், காத்தாயி படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

அவரால் இரவு பாயை விரிக்கவே முடியவில்லை. போய்ச் சொல்ல வேண்டும். அன்றைக்கே போயிருந்தால் நாலு வார்த்தையில் முடிந்திருக்கும். இப்போது கல்லைச் சொல்லி ஆரம்பிப்பதா, சொந்தக்காரரைச் சொல்லியா, இத்தனை வருஷம் வராததைச் சொல்லியா?

"முதல் கல் தப்பாப் போனா, அதுக்கப்புறம் அளந்தது அத்தனையும் தப்பு. அழிச்சிட்டு முதல்ல இருந்து வரணும். எனக்கு அந்த முதல் எதுன்னே தெரியலை."

வடிவம்மை கீரைத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"கயிறு இருக்கா?"

இருந்தது. வீடு, வாசல் எல்லாம் விட்டுவிட்டு வந்தவர், அளவுக் கயிற்றை மட்டும் இடுப்பிலேயே வைத்திருந்தார்.

முற்றத்தின் ஒரு கோடியில் சுனை. மறுகோடியில் விளக்குத் தூண். நடுவே நல்ல மணல். நிற்கிற இடத்திலிருந்து சுனைவரை அளந்து, கயிற்றை இரண்டாக மடித்து, பாதி தூரம் போய் நிற்கச் சொன்னாள். அங்கிருந்து தூணை நோக்கி அதேபோல் பாதி. அது ஒரு சுற்று. முடிந்த இடத்திலிருந்து அடுத்த சுற்று.

"எங்கே நின்னு தொடங்கணும்?"

"உங்க இஷ்டம்."

அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. வெகுநேரம் சுற்றிச் சுற்றி இடம் பார்த்தார். கடைசியில் சந்நிதி வாசலில் நின்று, கும்பிட்டுவிட்டுத் தொடங்கினார்.

முதல் சுற்று எங்கோ முடிந்தது. இரண்டாவது வேறெங்கோ. நாலாவது சுற்று, மூன்றாவதற்கு இரண்டடி தள்ளி முடிந்தது. ஏழாவதில் அவர் கால், அவர் காலடித் தடத்தின்மேலேயே விழுந்தது.

எட்டாவது முறையும் சுனைப்பக்கம் போனார். தூண்பக்கம் திரும்பினார். அதே தடம்.

திரும்பி வந்து, நல்ல இடத்தில் தொடங்கியதால் இப்படி அமைந்தது என்றார்.

"அப்ப மோசமான இடத்துல தொடங்குங்க."

சமையல்கட்டுக்குப் பின்னால், கழுநீர் தேங்கும் குழிக்குப் போனார். கணுக்கால்வரை சேறு. பெரியவர் ஒன்பதாவது இடம் பிடித்துவிட்டார் போல, பாயை எடுத்து வரவா என்று மருதாயி கேட்டாள். அவர் காதில் வாங்கவில்லை.

மூன்றாவது சுற்றில் ஒரு குரங்கு கயிற்று நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியது. விரட்டிப் பிடுங்கி, பதற்றத்தில் தப்பாக மடித்து, எங்கோ இருபதடி விலகிப் போய் நின்றார். எல்லாம் கெட்டது என்று மணலில் உட்கார்ந்துவிட்டார். திரும்பக் குழிக்கே போகட்டுமா என்று கேட்டார்.

"நிக்கிற இடத்துல இருந்து" என்றாள் வடிவம்மை.

எழுந்தார். மடித்தார். நடந்தார். பாதி, பிறகு பாதி. காலில் அப்பிய சேறு வழியெல்லாம் உதிர்ந்துகொண்டே வந்தது. எட்டாவது சுற்றில் காலை வைத்தவர், வைத்த காலை எடுக்கவில்லை.

முதல் தடவை பதிந்த அதே தடம்.

வடிவம்மை மருதாயியைக் கூப்பிட்டாள். அவரை நகரச் சொல்லி, தடத்தைக் காட்டினாள்.

"இந்தக் கால் எங்கிருந்து கிளம்பி வந்தது, சொல்லு."

மருதாயி குனிந்து பார்த்தாள்.

"கட்டைவிரல் கோணல். பெரியவர் கால்தான். கழுநீர்க்குழியில கிளம்பினதை நான் கண்ணால பார்த்தேன். மண்ணுல அது இல்லையே, தாயே."

அரியநாயகமும் குனிந்து பார்த்தார். நிமிர நேரமாயிற்று.

பிறகு கயிற்றைச் சுருட்டினார்.

"அந்தம்மா முகத்தைப் பார்த்ததும் பேச்சே வராமப் போனா?"

வடிவம்மை கீரைத் தட்டைத் திரும்ப இழுத்து வைத்துக்கொண்டாள்.

அவர் கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கஞ்சி கொதித்ததும் மருதாயி ஒரு கலயத்தில் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள். பாய் மட்டும் கிடந்தது. படிக்கட்டின் மேற்படியில் நின்று, குடித்துவிட்டுப் போகலாமே என்று குரல் கொடுத்தாள்.

"பெரியவரே, எங்கே ஆரம்பிக்கிறதுன்னு முடிவாயிடுச்சா?"

அவர் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார்.