தேக்கு நாற்காலி

கல்குவாரி முதலாளி குழந்தைவேலு குழிக்குள் இறங்கி யாரும் பார்த்ததில்லை. மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதட்டுவதோடு சரி.

அன்று வைத்த வேட்டுகளில் ஒன்று வெடிக்கவில்லை. குழியில் இறங்க ஆட்கள் தயங்கினார்கள். புதிதாக மேஸ்திரியான சடையனை முதலாளி கூப்பிட்டார்.

"திரி அணைஞ்சு போச்சுடா. ஆளுங்கள இறக்கு. எவன் சொன்ன சொல்லுக்கு ஆளுங்க நடக்கிறாங்களோ, அவன்தான் மேஸ்திரி. முடியலன்னா வீட்டுக்குப் போ."

"நடப்பாங்க முதலாளி. கொஞ்சம் எந்திரிங்க."

அவர் எழுந்ததும் சடையன் நாற்காலியைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கினான்.

"இப்ப போயி அதுல உக்காருங்க. பின்னாலயே நாங்க அத்தனை பேரும் வர்றோம்."

முதலாளி எட்டிப் பார்த்தார். "எனக்கு முட்டிவலிடா" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அப்ப எல்லாரும் தள்ளிப் போங்க" என்றான் சடையன். ஆட்கள் தள்ளிப் போனார்கள். முதலாளியும் போனார்.

கொஞ்ச நேரத்தில் குழி அதிர்ந்தது. புகையோடு நாற்காலியின் ஒரு கால் மட்டும் மேட்டில் வந்து விழுந்தது.

"ஐயோ, எங்கப்பா காலத்துத் தேக்குடா!" முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

சடையன் அந்தக் காலை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"போன மாசம் இதே குழியில நம்ம ஆளு மாரப்பன் வேட்டுல செத்தான். அன்னைக்கு நீங்க இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கக்கூட இல்லையே, முதலாளி."