சிலம்பாயிக்குச் சாமி வந்தது

அந்தக் காலத்தில் தேனீக்கள் நம்மைவிட நன்றாகப் பேசும். மரங்களும் எப்போதாவது இரண்டு வார்த்தை பேசும். பாறையோரத்து இலுப்பை மரத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தவள் சிலம்பாயி என்ற தேனீ. “காத்து ஒரு மாதிரி வருதே” என்றது மரம். விடிந்தபோது வேரோடு சாய்ந்து கிடந்தது.

தேனீ நாட்டுக்கு இருந்த ஒரே சொத்து அதுதான். பாறைப் பொந்தில் கூடு, வாசலுக்கு நேரே மரம். வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தால் பூ தானாக வந்து விழும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. சட்டமும் ஒன்றே ஒன்று. வாயில் கொண்டுவரும் தேனை ராணியம்மா முன்னால் குடத்தில் விட வேண்டும். வழியில் ஒரு சொட்டுச் சிந்தினாலும் நாடு கடத்திவிடுவார்கள்.

மரம் விழுந்த பிறகும் எல்லோரும் வாசலில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“களைப்பா இருக்கும். எந்திரிச்சிடும்” என்றான் வாசல் காவலன் மூக்காண்டி.

உள்ளே தொட்டில் குழந்தைகள் பசியில் சுருண்டு கிடந்தன.

சிலம்பாயி ஊர்சுற்றி; வாயாடியும்கூட. “அண்ணே, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மரம் கொள்ளாம பூத்திருக்கு. வழி சொல்றேன், வாங்க.”

“வழியைக் குழந்தை குடிக்குமா? தேனைக் கொண்டா, அப்புறம் பேசு. உன் பேச்செல்லாம் தேனா இருந்தா நாம பக்கத்து நாட்டையே வாங்கியிருக்கலாம்.”

கோபத்தோடு பறந்தவள் வாய் நிறையத் தேனோடு திரும்பினாள். ராணியம்மா குளிக்கப் போயிருந்தார். போனால் லேசில் வரமாட்டார். மேற்கே மேகம் கறுத்திருந்தது. மழை கொட்டினால் அந்தப் பூவும் போய்விடும். விழுங்கினால் சாட்சி இல்லை. வாய் திறந்தால் சிந்திவிடும்.

“ம்ம்ம்!” என்றாள்.

“என்னடி?”

“ம்ம்ம்ம்!”

வேறு வழியில்லாமல் ஆற்றுப் பக்கம் திரும்பி, இடுப்பை ஆட்டிக்கொண்டே ஓடினாள். சுற்றி வந்து மறுபடி ஓடினாள். மூக்காண்டி அலறினான்.

“ஐயோ, சாமி வந்திருச்சு! வேப்பிலை கொண்டு வாங்கடி!”

“வேப்பமரம் எங்கேண்ணே இருக்கு? இலுப்பையைத் தவிர நாம எதைப் பார்த்தோம்?” என்றார்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தாதிகள்.

மூக்காண்டி கைகூப்பினான். “தாயே, நீயே காட்டு!”

சிலம்பாயி ஒரு கணம் திகைத்தாள். அவள் கண்ட மரமே வேம்புதான். முன்னைவிட வேகமாக அதே திசையில் ஆட்டினாள்.

இலை பறிக்கப் போன தாதிகள் பூவைப் பார்த்ததும் இலையை மறந்தார்கள். வாய் நிறைய மொண்டுகொண்டு வந்தார்கள்.

“எங்கே கிடைச்சது?” என்று வாசலில் இருந்தவர்கள் மொய்த்தார்கள். ராணியம்மா இன்னும் தலை துவட்டிக்கொண்டிருந்தார். வாய் திறக்க முடியாத தாதிகள் அத்தனை பேரும் இடுப்பை ஆட்டினார்கள்.

“எல்லாருக்குமே வந்திருச்சே!” என்று மூக்காண்டி தரையில் விழுந்து கும்பிட்டான். பிறகு பசி பொறுக்காமல் அவனும் அவர்கள் காட்டிய பக்கம் பறந்தான்.

ஒருவழியாக ராணியம்மா வந்து உட்கார, மழைக்கு முன்னால் குடம் நிறைந்தது. குழந்தைகள் குடித்துவிட்டுத் தூங்கின. அடுத்து ஒருத்தி புங்க மரத்தைக் கண்டுவந்தாள், இன்னொருத்தி நாவலை. தேன் கொண்டுவருபவளைவிட, தேன் இருக்கும் இடம் தெரிந்தவளுக்கே நாட்டில் மரியாதை கூடியது. யார் வாயும் காலியாக இருக்கவில்லை. பேச நேரமில்லாமல் பேச்சே மறந்துபோயிற்று.

அன்று முதல்தான் தேனீக்கள் பூ இருக்கும் இடத்தை இடுப்பை ஆட்டிச் சொல்கின்றன. பழைய பேச்சில் அவற்றிடம் மிச்சமிருப்பது ‘ம்ம்ம்’ மட்டும்.