சீனி தூக்கலாக ஒரு காபி

எண்ணெய் மில்லைப் பிரித்துக்கொள்ள விருதுநகர் அண்ணனும் தம்பியும் மத்தியஸ்தர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் பெரிய வக்கீல் ஜம்புநாதன் மேஜையைத் தட்டினார்.

"இவங்களுக்குள்ள ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. இருக்குன்னு எதிர்த்தரப்பு வக்கீலம்மா ஒரு சாட்சி காட்டட்டும், நான் கோட்டைக் கழட்டிடறேன்."

அண்ணனின் வக்கீல் எஸ்தர் தொழிலுக்குப் புதுசு. "காட்டறேன் சார். அதுக்கு முன்னால எல்லாருக்கும் சீனி தூக்கலா காபி சொல்லட்டுமா?" என்றாள்.

காபி வந்தது. அண்ணன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். தம்பி எட்டிப் பிடுங்கினார்.

"சுகர் இருக்கிற மனுஷன் குடிக்கிற காபியாண்ணே இது?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது.

"சாட்சி உங்க கட்சிக்காரர்தான் சார்," என்றாள் எஸ்தர்.

ஜம்புநாதனின் கை கோட்டுப் பொத்தானுக்குப் போனது.

"அதெல்லாம் வேண்டாம் சார்," என்றார் தம்பி. "அண்ணனுக்குச் சீனியில்லாம ஒரு காபி சொல்லிட்டு வாங்க."