மிதந்துபோன பொன்

செவந்திக்கு நடந்தது அநியாயம். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

குடிக்கிற தண்ணீரை அவள் தன் கையால் மொள்ளக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. குடத்தை ஆற்றங்கரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்க வேண்டும். யாருக்காவது மனமிருந்தால் மொண்டு ஊற்றுவார்கள். அவள் செய்த குற்றம் என்ன? அவள் கைபட்ட பொன் மிதந்துவிட்டதாம்.

பொன் மிதக்குமா என்று கேட்காதீர்கள். மிதந்தது. ஊரே பார்த்தது.

அந்த வருஷம் ஆறு ஊருக்குள் வந்தது. விருந்தாளிபோலச் சில நாள் தங்கியது. போகும்போது கிணறுகளையெல்லாம் சேற்றால் நிரப்பிவிட்டுப் போனது. தண்ணீர் வடிந்தபின் ஜனங்கள் தூக்கத்தில் நடப்பதுபோல நடந்தார்கள். புளியமரத்து உச்சியில் ஒரு கட்டில் தொங்கியது. மணல்மேட்டில் ஒரு கதவு, சுவரே இல்லாமல், நிலையும் தாழ்ப்பாளுமாக நின்றது. சுற்றிக்கொண்டு போகலாம். ஆனாலும் அதைத் திறந்து, உள்ளே நுழைந்து, மறக்காமல் சாத்திவிட்டுப் போனவர்கள் உண்டு.

வெள்ளம் வடிந்தால் அந்த ஊரில் ஒரு விளையாட்டு. மலையிலிருந்து உருட்டி வந்த பொன்துகளை, ஆறு தான் வளையும் இடத்தில், உள்பக்கத்து மணலில் விட்டுவிட்டுப் போகும். மரவை என்கிற மரத்தட்டில் அந்த மணலை அள்ளி, நீரில் அமிழ்த்தி ஆட்டி ஆட்டி அரிப்பார்கள். லேசான மணல் வழிந்துபோகும். கடைசியில் கொஞ்சம் கருமணலும், அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடும் மிஞ்சும். நாளெல்லாம் அரித்தாலும் ஒரு பிடி உப்புக்குக் காணாது. அதை மயிலிறகின் தண்டுக்குள் போட்டு, மெழுகால் அடைத்து, வெயிலில் தூக்கிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் வேடிக்கை. வீடு போனவர்கள்கூட அதைப் பார்க்கும்போது சிரித்தார்கள்.

செவந்தி செக்காட்டிப் பிழைப்பவள். முன்பெல்லாம் செக்கை விட்டுவிட்டு வர முடியாது. இந்த முறை செக்கையே ஆறு கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவை ஒரு பானை நல்லெண்ணெயும், கால் பிசகிப் படுத்திருந்த கணவனும். விடிந்ததும் அவன் காலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். கையை முந்தானையில் துடைத்து, குடத்தையும் எடுத்துக்கொண்டு, மற்றவர்களைப்போலத் தானும் ஒருநாள் விளையாடலாம் என்று ஆற்றுக்கு ஓடிவந்தாள்.

மரவையை வாங்கி ஆட்டினாள். கருமணல் ஒதுங்கியது. மஞ்சள் தெரிந்தது.

“ஏய், எல்லாரும் இங்க பாருங்க!” என்று கத்தினாள்.

பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க, அந்த மஞ்சள் அடியிலிருந்து கிளம்பி நீரின்மேல் ஏறியது. பூந்தாதுபோல மெல்லச் சுற்றியது. தட்டின் விளிம்பைத் தாண்டி, ஆற்றோடு, அவசரமே இல்லாமல் மிதந்து போனது.

 பிறகு எல்லாரும் பேசத் தொடங்கினார்கள்.

“பொன்னே இவளைக் கண்டு ஓடுதுடி” என்றாள் மீன்காரி பேச்சி.

“சும்மாவா செக்கைக் கொண்டுபோச்சு?”

“இவ வீட்டுப் பக்கந்தானே தண்ணி முதல்ல ஏறுச்சு?”

அதாவது, வெள்ளமே அவளால்தான் வந்தது என்றாகிவிட்டது. ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஊர்த்தலைவர் ஒண்டிமுத்து தொண்டையைச் செருமினார்.

“நமக்கு அவ மேல ஒரு கோவமும் இல்ல. ஆறு வேணாங்குது. நாம என்ன பண்ண முடியும்? தண்ணியில அவ கை வைக்க வேணாம்.”

அப்போது மாசிலாமணி அங்கே இருந்தார். ராஜாவின் சபையில் வழக்குப் பேசிப் பேர் வாங்கியவர். தலை நரைத்தபின் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அக்கரைப் பாறைமேல் குடிசை போட்டிருந்த உமையாளிடம் சீடராகச் சேர்ந்தவர். உமையாளுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஊர் அவளை அம்மை என்றது. அவரும் அம்மை என்றார். அவள் அவரை அண்ணே என்றாள். எல்லாவற்றையும் விட்டவருக்கு வாதாடுவதை மட்டும் விட முடியவில்லை.

“ஒண்டிமுத்து, இவளாலதான் மிதந்துச்சுங்கறதுக்கு என்ன சாட்சி?”

“ஊரே சாட்சி.”

“ஊர் பார்த்தது பொன் மிதந்ததை. இவ மிதக்கவிட்டதை யார் பார்த்தது?”

“சரி. அப்ப ஏன் மிதந்துச்சு? நீங்க சொல்லுங்க.”

மாசிலாமணி ஒரு பிடி மணலை அள்ளிப் பார்த்தார். 

“காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்றேன்.”

“நல்லாச் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் அவ கரையில நிக்கட்டும்.”

“சரி” என்றார் மாசிலாமணி.

வழக்கு தோற்கவில்லை, வாய்தா கிடைத்திருக்கிறது. அவருக்கு அப்படித்தான் பட்டது. செவந்தியிடம் வந்தார்.

“கவலைப்படாதே அம்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ. உண்மையை வெளிய கொண்டுவந்துடறேன்.”

“வீட்டுல படுத்திருக்கறவருக்குக் குடிக்கத் தண்ணி?”

“யாராவது மொண்டு தருவாங்க.”

செவந்தி அவரையே பார்த்தாள். பிறகு குடத்தைத் தரையில் வைத்தாள். தள்ளிப் போய் நின்றாள்.

அவர் ஆற்றைக் கடந்து பாறைமேல் ஏறியபோது, உமையாள் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். குடிசையெல்லாம் புகை.

“அம்மை, இது நியாயமா?” என்று ஆரம்பித்தார். நடந்ததைச் சொன்னார். ஒண்டிமுத்துவை எப்படி மடக்கினார் என்பதை மட்டும் இரண்டாவது தடவையும் சொன்னார்.

“அவ என்ன சொன்னா?” என்று கேட்டாள் உமையாள்.

“யாரு?”

“செவந்தி.”

“தண்ணி கேட்டா.”

உமையாள் குனிந்து அடுப்பை ஊதினாள். 

மறுநாள் விடியும்போது ஆற்றின்மேல் பனி படுத்திருந்தது. பாறையிலிருந்து ஊர் தெரியவில்லை, கட்டில் தொங்கும் புளியமரம் மட்டும் வேரில்லாமல் வானத்தில் நின்றது. மாசிலாமணி மணல் வகைகளைக் குவியல் குவியலாகப் பிரித்து, நனைத்துப் பார்த்து, தனக்குள் வாதாடிக்கொண்டிருந்தார். உமையாள் அவரைக் கடந்து ஓடத்தில் ஏறினாள். அவரும் எழுந்து பின்னால் ஓடினார்.

அவள் நேராகச் செவந்தியின் வீட்டுக்குப் போனாள். வீடென்ன வீடு, அரைச்சுவரும் மேலே ஒரு பாயும்.

“தள்ளி நில்லுங்க அம்மை” என்றாள் செவந்தி. “ஊர் உங்களையும் ஒரு பேச்சுப் பேசும்.”

உமையாள் அவள் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்தாள்.

“தலை காஞ்சு கெடக்கு. கொஞ்சம் எண்ணெய் வையேன்.”

“என் கையாலயா?”

“வேற யார்கிட்ட எண்ணெய் இருக்கு? வெள்ளத்துக்கு அப்புறம் ஊரே பரட்டைத் தலையாத் திரியுது.”

படுக்கையிலிருந்து செவந்தியின் கணவன் குரல் கொடுத்தான்.

“அம்மை, என் காலுக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லுங்க. தானம்னா இவளுக்குக் கண்ணு தெரியாது.”

செவந்திக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. பானையைச் சாய்த்து, உள்ளங்கை நிறைய எண்ணெயை எடுத்து, உச்சியில் வைத்துப் பரபரவென்று தேய்த்தாள். எண்ணெய் நெற்றியில் வழிந்தது. வழிந்ததை உமையாள் இரண்டு கையாலும் வழித்து, முழங்கைவரை தடவிக்கொண்டாள். பிறகு எழுந்து, செவந்தியின் கையைப் பிடித்தாள். வெறுங்குடத்தை அவள் இடுப்பில் வைத்தாள். இருவரும் ஆற்றுக்கு நடந்தார்கள்.

வளைவில் கூட்டம் இருந்தது. ஒண்டிமுத்து அரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மை, அவ வந்து…”

“மரவையைக் குடுங்க.”

கொடுத்தார். உமையாள் முழங்காலளவு நீரில் இறங்கினாள். செவந்தி ஈரமணல் வரை வந்து நின்றுவிட்டாள். அதற்குமேல் கால் வரவில்லை. உமையாள் மணலை அள்ளினாள், அமிழ்த்தினாள், ஆட்டினாள். கருமணல் ஒதுங்கியது. மஞ்சள் தெரிந்தது. தெரிந்த மஞ்சள் கிளம்பி மேலே ஏறியது. ஒரு சுற்றுச் சுற்றியது. விளிம்பைத் தாண்டிப் பனிக்குள் மிதந்து போனது.



“அம்மைக்குமா…” என்றார் யாரோ.

உமையாள் நிமிர்ந்தாள். “ஒண்டிமுத்து, நான் எங்க நிக்கட்டும்?”

“அம்மை, நீங்க வேற…”

“எப்படி வேற?”

அவர் ஆற்றைப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லவில்லை.

“கரையிலன்னா சொல்லிடுங்க, போய் நிக்கறேன். தண்ணிக்கு யார்கிட்ட வரணும்னும் சேர்த்துச் சொல்லிடுங்க. எங்க அண்ணன் நெறையத் தண்ணி குடிப்பாரு. பேசிப் பேசித் தொண்டை வறண்டுபோகுது.”

கூட்டத்தில் ஒருவர் சிரிப்பை அடக்கினார். இன்னொருவரால் அடக்க முடியவில்லை. ஒண்டிமுத்து பிடரியைச் சொறிந்தார். அம்மையைக் கரையில் நிறுத்தவும் அவருக்குத் தைரியமில்லை. இவளுக்கு ஒரு சட்டம், அவளுக்கு ஒரு சட்டம் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லவும் வாய் வரவில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வழியை விட்டு விலகினார்.

பேச்சி செவந்தியின் பக்கம் திரும்பினாள்.

“என்னடி பாக்கற? போ, நீயே மொண்டுக்கோ. நேத்து உனக்கு ஊத்தி ஊத்தி எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு.”

செவந்தி ஒரு காலை நீரில் வைத்தாள். ஆறு அப்படியேதான் இருந்தது. இன்னொரு காலையும் வைத்தாள். உடனே மொள்ளவில்லை, நின்றாள். விலகிப்போன துகள்களில் சில எங்கோ சுழலில் சிக்கித் திரும்பி வந்து, அவள் கணுக்காலைச் சுற்றி மினுங்கின. அவை போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குடத்தைச் சாய்த்தாள். குடம் குடுகுடுவென்று பேசிக்கொண்டே நிறைந்தது.

மாசிலாமணி இதையெல்லாம் பார்க்கவில்லை. உமையாள் கரையோரம் வைத்த மரவையின்மேல் குனிந்திருந்தார். மிச்சமிருந்த நீரின்மேல் ஒரு மெல்லிய படலம், மயில் கழுத்துப்போல நிறம் மாறி மாறி ஓடியது. விரலால் தொட்டார். மோந்தார். நல்லெண்ணெய்.

“அம்மை!” என்று நீரை வாரி இறைத்துக்கொண்டு வந்தார். “எண்ணெய்! எண்ணெய்ப் பசை பட்டா அந்தப் பொடிப் பொன் முழுகாது. மேலேயே நின்னுடும். அவ புருஷன் காலுக்குத் தேய்ச்ச எண்ணெய்! உங்களுக்கு முன்னயே தெரியுமா?”

“தலை காஞ்சு கெடந்துச்சு, அண்ணே.”

“அப்ப, மிதக்காம இருந்திருந்தா?”

“பொன்னை இறகுல போட்டு அவகிட்டயே குடுத்திருப்பேன்.”

அவருக்கு அதைக் கேட்கப் பொறுமையில்லை. கண்கள் ஒண்டிமுத்துவைத் தேடின. வாதம் முழுதாக, ஓட்டையில்லாமல், நாக்கு நுனியில் வந்து நின்றது. நெடுநாளுக்குப் பிறகு சபையில் நிற்பதுபோல இருந்தது.

“இப்பவே ஊரைக் கூட்டி நிரூபிச்சுடறேன். காரணம் கிடைச்சாச்சு. இனிமே செவந்தி மேல ஒரு குத்தமும் இல்லை, அம்மை!”

உமையாள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள்.

“நேத்து இருந்துச்சா, அண்ணே?”