நாலாவதாக வந்தவர்

தவசிமுத்துவுக்கு ஐம்பத்துநாலு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்திரண்டு.

கல்யாணப் பத்திரிகை அச்சடித்துப் பேர் வாங்கியவர் தவசிமுத்து. அச்சகத்தை விற்றுவிட்டு, இணையதளம் வடிவமைக்கக் கற்றுக்கொள்ள ஜெஸிந்தா டீச்சரிடம் வந்து சேர்ந்தார். டீச்சர் அதிகம் பேசமாட்டார். முதல் நாள் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பக்கத்தைத் தொடங்கும் முன்னால, யார் யார் வருவாங்கன்னு ஒரு தாள்ல எழுதுங்க அண்ணாச்சி. முடிச்ச பிறகு, அந்த ஒவ்வொரு ஆளாவும் நீங்களே மாறி உள்ள போய்ப் பாருங்க."

"கூடு விட்டுக் கூடு பாயச் சொல்லுதீங்க."

"பாஞ்சுதான் ஆகணும்."

ஏழு மாதம் கழித்து, அவர் தனியாகச் செய்த முதல் வேலை மேசைமேல் திறந்திருந்தது. அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த பெண்கள் தங்கும் இல்லம் ஒன்றின் இணையதளம். அங்கே பதினோரு பெண்களும் ஆறு பிள்ளைகளும் இருந்தார்கள். அன்று மாலை ஐந்து மணிக்குத் தளத்தை ஊர் உலகம் பார்க்கத் திறப்பதாக ஏற்பாடு. டீச்சர் பார்த்துச் சரி என்று சொல்வது ஒன்றுதான் பாக்கி.

மதியம் மூன்று மணிக்கு மேல், வர நேரமாகும் என்று சொல்லத் தவசிமுத்து வீட்டுக்கு போன் போட்டார். மூன்று தடவை அடித்து ஓய்ந்தது.

"எடுக்க மாட்டா டீச்சர். என் வீட்டுக்காரி உலகம்மாவுக்கு இடது காது மந்தம். வலப்பக்கம் ஒருக்களிச்சுப் படுத்துட்டான்னா இடி விழுந்தாலும் கேக்காது."

"பிறவியிலேயேவா?"

"இல்ல, நடுவுல வந்தது. ஆரம்பிப்போமா?"

டீச்சர் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தவசிமுத்து தாளை எடுத்து நீட்டினார். மூன்று பேர் எழுதியிருந்தது. அடிபட்ட பெண். உதவி செய்ய நினைப்பவர். அரசு அதிகாரி.

"மாறுங்க" என்றார் டீச்சர்.

தவசிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் அடிபட்டவ. இடுப்புல பிள்ளை. பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். பக்கத்தைத் திறந்ததும் நம்பர் கண்ணுல படுது. தொட்டா போதும், போன் போயிரும். சரியா?"

"சரி. அடுத்தது?"

"நான் உதவி செய்ய வந்தவன். படம் பார்க்கேன். தையல் வகுப்பு, காய்கறித் தோட்டம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புறது. 'இல்லத்தில் ஒரு நாள்'னு தனியா ஒரு பக்கமே போட்டிருக்கேன். காலையில எழுந்திரிக்கிறதுலேர்ந்து விளக்கணைக்கிறது வரைக்கும் மணி போட்டு எழுதியாச்சு. மனசு இளகிரும்லா?"

"இளகும்."

அதிகாரியாகவும் மாறினார். பதிவெண் இருந்தது. ஆண்டறிக்கை இருந்தது. அதிகாரிக்குக் கேள்வியே இல்லை.

டீச்சர் திரையின் அடியில் விரலை வைத்தார். "இந்த வழிப்படம் யாருக்கு?"

தவசிமுத்துவின் முகம் மலர்ந்தது. அதைக் கேட்கமாட்டாரா என்றுதான் அவர் காத்திருந்தார். "எல்லாருக்கும்தான் டீச்சர். நாலு வருஷத்துல ரெண்டு தடவை வீடு மாத்தியிருக்காங்க. ஜனம் தேடி அலையக் கூடாது பாருங்க. அதான் பஸ் நம்பர், தண்ணித்தொட்டி, ரெண்டாவது முடுக்குச் சந்து, பச்சை கேட்டு வரைக்கும் வரைஞ்சிருக்கேன். என் பத்திரிகையைக் கையில வச்சுக்கிட்டு மண்டபம் தெரியாம முழிச்சவன் ஒருத்தன் கிடையாது. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் வாசல்ல விட்டுரும்."

"ஏன் ரெண்டு தடவை வீடு மாத்தினாங்களாம்?"

"அது... கேக்கலயே."

டீச்சர் தம்முடைய போனில் அதே பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

"பட்டியல்ல ஒரு ஆள் விட்டுப்போச்சு அண்ணாச்சி. நாலாவது ஆள். மாறுங்க."

"யாரு?"

"பொண்டாட்டி வீட்டை விட்டுப் போய் மூணு மாசம் ஆச்சு. பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிட்டா. தெருவே சிரிக்குது. யாரோ ஒருத்தர் இந்த இல்லத்தோட பேரைச் சொல்லிட்டாங்க. தேடுங்க."

தவசிமுத்து சிரித்தார். "வில்லன் வேஷமா? மீசை வேற நரைச்சுப்போச்சே டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

தவசிமுத்து போனைப் பார்த்தார். முதலில் விளையாட்டாகத்தான் தொட்டார்.

"நம்பர் இருக்கு. வேண்டாம், கேட்டா சொல்ல மாட்டாங்க. உஷாராயிருவாங்க. படத்தைப் பார்ப்போம். தையல் வகுப்பு. முகம் தெரியாது, நான்தான் முதுகுப் பக்கமா எடுக்கச் சொன்னேன்." இரண்டு விரலால் படத்தை விரித்தார். "முகம் எதுக்கு? சேலை போதுமே. நான் எடுத்துக் கொடுத்த சேலை எனக்குத் தெரியாதா?"

அடுத்த படத்துக்குப் போனார்.

"பிள்ளை இங்க நிக்கு. ஊதா நிறச் சட்டை. ஊதா அந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தான். சேர்த்தும் விட்டுட்டாளா, அவ்வளவு தூரம் ஆயிப்போச்சா..." அவர் குரல் இறங்கியிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. "வீட்டுக்குப் போறது வீண். கேட்டைப் பூட்டியிருப்பாங்க, கூச்சல் போடுவாங்க, ஆள் கூடிரும். மணி போட்டு எழுதியிருக்குல்லா? நாலு மணிக்குப் பிள்ளைகள் திரும்பும். பஸ்ஸை விட்டு இறங்கித் தண்ணித்தொட்டியைத் தாண்டித்தான் வரணும். அங்க நின்னா போதும். பிள்ளையைத் தூக்கிட்டா அவ தானா பின்னால வந்துருவா."

சொல்லி முடித்து நிமிர்ந்தார்.

தம் வாயிலிருந்து வந்தது தம் காதுக்கு எட்ட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் கையிலிருந்த போனைத் தணலை வைப்பதுபோல மேசையில் வைத்தார்.

"நாலு நிமிஷம்தான் ஆச்சு" என்றார் டீச்சர்.

"டீச்சர்... நான்... இதையா நான் செஞ்சு வச்சிருக்கேன்?"

டீச்சர் மேசைமேலிருந்த போனை எடுத்து அணைத்தார்.

"எடுத்திருதேன். வழிப்படம், படம், மணி எல்லாத்தையும் இப்பவே எடுத்திருதேன்." மவுஸை நோக்கிக் கையை நீட்டினார். பதினோரு பெண்கள். தோட்டத்தைப் படம் எடுக்கப் போன அன்று, ஒருத்தி கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டே, 'உங்க புண்ணியத்துல நாலு பேருக்கு இந்த இடம் தெரியட்டும் ஐயா' என்று சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னாள்.

டீச்சர் மவுஸின் மேல் தம் கையை வைத்து மறித்தார்.

"அஞ்சு மணிக்குத் திறக்காது. அதை இல்லத்துல நான் சொல்லிக்கிடுதேன். எனக்கு வேற ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"காலையில நானும் அந்த நாலாவது ஆளா மாறி உள்ள போனேன். அரை மணி நேரம் ஆச்சு. எப்படிப் போனாலும் பச்சை கேட்டுக்குத்தான் போய் நின்னேன். தண்ணித்தொட்டிகிட்ட நிக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல. பிள்ளையைத் தூக்கினா அவ வருவான்னும் தோணல. உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

தவசிமுத்து மேசையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியல் எழுதிய தாள் அங்கே கிடந்தது.

அதை எடுத்து மடித்துக்கொண்டே, "இருபத்திரண்டு வருஷம் இருக்கும்" என்றார்.

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"உலகம்மா அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. அக்கா புதுசா வீடு கட்டியிருந்த ஊரு. அந்தப் புதுமனை புகுவிழாப் பத்திரிகையை அடிச்சதே நான்தான். வழி எனக்கு அத்துப்படி. ஆனா வீட்டுக்குப் போகல. எங்க பயல் பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரத்துக்குத் தெருமுனையில நின்னேன். தூக்கி சைக்கிள்ல வச்சேன். யாரு சொன்னாளோ தெரியல, காலுல செருப்பில்லாம ஓடிவந்தா. ஒரு வார்த்தை பேசல. கேரியர்ல ஏறி உக்காந்துட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நல்லாத்தானே இருக்கோம். ஊர்ல கேட்டுப் பாருங்க. சமாதானமா வந்துட்டான்னுதான் நான் இத்தனை நாளும்..." வாக்கியம் அங்கேயே நின்றது.

"எதுக்காகப் போனாங்க?"

"ஒரு அடி. ஒரே ஒரு அடிதான் டீச்சர். அதுக்கு முன்னாலயும் கிடையாது, பின்னாலயும் கிடையாது."

"எந்தப் பக்கம்?"

தவசிமுத்து அவரைப் பார்த்தார். கேள்வி புரியாதவர்போலத்தான் பார்த்தார். பிறகு அவருடைய வலது கை தானாக எழுந்து, எதிரே ஆள் நிற்பதுபோல் காற்றில் ஒரு இடத்தில் நின்றது. அந்த இடத்தை அவர் பார்த்தார்.

கை மெல்ல இறங்கி வந்து அவருடைய இடது காதைத் தொட்டது. அங்கேயே இருந்தது.

வெளியே பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மணி நாலாகப் போகிறது.

அவர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "இந்த வேலைக்கு நான் ஆக மாட்டேன் டீச்சர். வேற யாரையாவது வச்சு முடிச்சுக்கோங்க."

"வேற யாரும் இதைச் செய்ய முடியாது. உக்காருங்க."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவேன்?"

"அப்ப வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க. அவங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டு வாங்க."

தவசிமுத்து வாசலில் நின்று திரும்பினார்.

"அன்னிக்கு அவங்க கையில இப்படி ஒரு போன் இருந்திருந்தா, இதுல என்ன இருந்திருக்கணும்னு கேளுங்க. அதை முகப்புல வைப்போம். என்ன இருந்திருக்கக் கூடாதுன்னும் கேளுங்க."

"கேட்டா சொல்லுவாளா டீச்சர்?"

"அவங்களுக்கு வலது பக்கமா உக்காந்து கேளுங்க."