சீனிக்கு வைத்த கோழிச்சோறு

தென்காசியில் வடிவாம்பாள் என்றொரு பெண் இருந்தாள். அவளுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இரண்டு வருடம் படுக்கையில் கிடந்த கணவர் நெல்லைநாயகத்தைப் பார்த்துப் பார்த்தே அவள் உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. கடைசி வாரத்தில் அவர் அவளிடம் இரண்டு வாக்கு வாங்கிக்கொண்டார். "நம்ம அடுப்புல மாமிசம் ஏறக் கூடாது. சீனியைப் பட்டினி போட்டிராத." சீனி அவர் வளர்த்த நாய். ஆறு வருடமாகச் சைவச் சோறு தின்று வளர்ந்தது. வடிவாம்பாள் இரண்டுக்கும் தலையாட்டினாள்.

அவர் போன மூன்றாம் மாதம் சீனிக்கு வயிறு கெட்டது. வைத்ததையெல்லாம் கக்கியது, இல்லாவிட்டால் கழிந்தது. வடிவாம்பாள் மறுபடியும் வாளியும் துணியுமாகத் தரையில் உட்கார்ந்தாள். நாய்க்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும், பக்கத்து வீட்டு ஜைத்தூன் பீவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் போனாள்.

மருத்துவர் ஊசி போட்டுவிட்டுச் சொன்னார்: "பாலு, தயிரு ரெண்டையும் நிறுத்துங்க. கோழி நெஞ்சுக்கறியை உப்பு, எண்ணெய், வெங்காயம் எதுவும் போடாம வேகவச்சு, தோலும் எலும்பும் இல்லாமப் பிச்சு, குழைஞ்ச சோத்தோட குடுங்க. சுலபமா செரிக்கும். கரைஞ்சுபோன சதை திரும்பப் பிடிக்க அந்தப் புரதம் வேணும். பத்து நாள் குடுத்துத் தேத்திட்டா, பிறகு மெல்லப் பழைய சாப்பாட்டுக்கு மாத்திக்கலாம்."

"பருப்புத் தண்ணி குடுத்தா ஆகாதா?"

"குடுத்துப் பாத்துட்டீங்களேம்மா, தங்கலையே. இப்படியே விட்டா ஒரு வாரம் தாங்காது."

வீட்டில் நாத்தனார் சிவகாமி காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கும் கண் கலங்கியது. "பாவமாத்தான் இருக்கு மதினி. ஆனா பட்டினி போடாதன்னுதானே அண்ணன் சொன்னாவ, கறி போடுன்னா சொன்னாவ?" என்றாள். அவளே கூவைக்கிழங்கு மாவில் கஞ்சி காய்ச்சி, கரண்டியால் நாய்க்கு ஊட்டினாள். அரைமணியில் அதுவும் வெளியே வந்தது.

மறுநாள் ஜைத்தூன் பீவி வந்தாள். "அக்கா, இது கொஞ்சம் எங்க முற்றத்து வெயில்ல கிடக்கட்டும். நீங்க ஒரு தூக்கம் போடுங்க" என்று நாயைத் தூக்கிக்கொண்டு போனாள். காலையும் மாலையும் அப்படியே நடந்தது. ஐந்தாம் நாள் சீனி தானாக எழுந்து நின்றது. விடாமல் ஊட்டிய கஞ்சிதான் கைகொடுத்தது என்றாள் சிவகாமி. வடிவாம்பாளும் நம்பினாள். துருவிக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

ஆறாம் நாள் காலை, மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டதென்று ஜைத்தூன் பீவி மதுரைக்குக் கிளம்பினாள். பையோடு வாசலில் நின்று, "கோவிச்சுக்காதீங்கக்கா. டாக்டர் சொன்ன மாதிரி கோழிச்சோறு நான்தான் குடுத்தேன். உங்களுக்குத் தெரிஞ்சா தடுத்தாகணும். தடுத்தா இது செத்துப்போகும். அதான் மறைச்சேன். இன்னும் அஞ்சு நாள் குடுக்கணும்" என்றாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இனி கோழிச்சோறு வைக்க வடிவாம்பாளை விட்டால் ஆளில்லை. கொல்லையில் மூன்று கல் கூட்டிச் சமைத்தால் வீட்டு அடுப்புக்குத் தீட்டில்லை என்று தோன்றியது. கணவர் உயிரோடு இருந்தால் அவர் முகத்தைப் பார்த்து இந்தச் சாக்கைச் சொல்ல முடியுமா? முடியாது. யார் கண்ணுக்கோ ஒளிந்து செய்யவும் அவளுக்கு அலுப்பாக இருந்தது.

அறுபது வயதில் முதல்முறையாகக் கறிக்கடை முன் நின்று, கால் கிலோ நெஞ்சுக்கறி வாங்கினாள். தன் அடுப்பிலேயே ஏற்றினாள். ஆவி முகத்தில் அடித்தபோது சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆறியதும், எலும்புத் துணுக்கு ஏதும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, பிய்த்துப் பிசைந்து வைத்தாள். சீனி தட்டை வழித்து நக்கியது.

அந்த நேரத்தில் சிவகாமி உள்ளே வந்தாள். "என்ன வாசனை மதினி?"

"கோழி. நான்தான் வச்சேன்."

சிவகாமி அடுப்பைப் பார்த்தாள். "அண்ணனுக்குக் குடுத்த வாக்கை இப்படி வேகவச்சிட்டீங்களே" என்று அழுதபடி இறங்கிப் போனவள், அண்ணனின் முதல் திவசத்துக்கும் அந்தப் படி ஏறவில்லை.

சீனி பிழைத்துக்கொண்டது.

சிவகாமி, நாய் செத்தாலும் வாக்குத் தவறக் கூடாது என்று நின்றாள். ஜைத்தூன் பீவி வாக்கையும் நாயையும் காப்பாற்றப் பொய் சொன்னாள். வடிவாம்பாள் தெரிந்தே ஒரு வாக்கை உடைத்தாள், அதை மறைக்கவும் இல்லை. இதில் யார் செய்தது சரி?

விடை: வடிவாம்பாள் செய்ததே சரி. உடம்பில் ஒட்டாத சோற்றை எத்தனை முறை வைத்தாலும் அது பட்டினிதான். ஆகவே ஒரு வாக்கு எப்படியும் உடைந்தே தீரும். மாமிச வாக்கு உடைந்தால் பழி அவளுக்கு. மற்றது உடைந்தால் சாவு நாய்க்கு. தனக்கு வலிப்பதை அவள் தேர்ந்துகொண்டாள். சிவகாமியிடம் வஞ்சமில்லை, ஆனால் அவள் பிடிவாதத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது இன்னோர் உயிர். ஜைத்தூன் பீவியின் கை நல்ல கை. முடிவெடுக்க வேண்டியவளை இருட்டில் வைத்தது மட்டும் குறை. இப்படிச் சொல்லிவிட்டாலும், திவசத்தன்று நாத்தனாருக்கென்று போட்டு, அவள் வராமல் காலியாகக் கிடந்த இலையை வடிவாம்பாள் தனியே மடித்து எடுக்க வேண்டி வந்ததை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.