யானைகள் தின்ற பொதுக்கழி

ஒரு பெரிய காட்டில், யானைக் கூட்டத்தின் தலைவி மலைச்சியின் முதுகில் பஞ்சு என்று ஓர் உண்ணிக்கொக்கு வாழ்ந்துவந்தது. உண்ணி பொறுக்குவதுதான் அதன் வேலை. ஆனால் யாராவது கேட்டால் அப்படிச் சொல்லாது. "நான் யானைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேனாக்கும்!" என்று கழுத்தை நீட்டிக்கொண்டு சொல்லும்.

அது பொய்யும் இல்லை. முன்பு அந்தக் காட்டில் ஆளுக்கொரு அளவு இருந்தது. மான் தன் தாவலால் அளந்தது. ஓணான் தன் வாலால் அளந்தது. "குளம் நூறு தாவல்தான்" என்று மான் சொன்னதை நம்பிக் கிளம்பிய ஆமை, மூன்று நாள் நடந்து, திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தது. தினமும் இதே சண்டை. கடைசியில் எல்லா மிருகங்களும் கூடி ஒரு மூங்கிலை வெட்டி, அதற்குப் பொதுக்கழி என்று பெயர் வைத்தன. அதில் பத்துக் கோடு போட்டன. எல்லாம் பத்துப் பத்தாகப் போகும். எலிக்குஞ்சுக்குக்கூட எண்ண வரும்.

யானைகள் மட்டும் மாறவில்லை. அவற்றுக்குத் தடம்தான் அளவு. தடம் என்றால் யானையின் காலடி ஒன்று. அதைப் பதினெட்டு நகமாகப் பிரித்திருந்தன. ஏன் பதினெட்டு? முன்காலுக்கு ஐந்து நகம், பின்காலுக்கு நான்கு. நான்கு காலையும் கூட்டினால் பதினெட்டு. இதைவிட என்ன காரணம் வேண்டும் என்று யானைகள் கேட்கும்.

மாறமாட்டோம் என்று அவை ஒருநாளும் சொன்னதில்லை. "விருப்பம் இருக்கிறவங்க தாராளமா மாறிக்கலாம்!" என்று மலைச்சி பெருந்தன்மையாக அறிவித்தது. ஒருவருக்கும் விருப்பம் வரவில்லை. உப்புப்பாறைக்கு எத்தனை தடம், ஊற்றுக்கு எத்தனை தடம் என்று எல்லாம் மனப்பாடம். அதையெல்லாம் உட்கார்ந்து யார் மாற்றுவது? ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மற்ற மிருகங்கள் மூன்று முறை பொதுக்கழியை அனுப்பிவைத்தன. மூங்கில் அல்லவா! மூன்று முறையும் யானைகள் அதைத் தின்றுவிட்டன. மூன்றாவது கழி நல்ல ருசி என்று பேசிக்கொண்டன.

ஆகவே பஞ்சுவுக்கு வேலை வந்தது. மூன்று தடம் என்றால் இரண்டு கழி. யானைகள் சொல்வதை மூன்றில் இரண்டாக்கி மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். மற்றவர்கள் சொல்வதை ஒன்றரை மடங்காக்கி யானைகளுக்குச் சொல்லவேண்டும். யானைகளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பஞ்சுவுக்குத்தான் தலை கிறுகிறுக்கும்.

ஆனாலும் மலைச்சி எப்போதாவது, "நாமளும் அந்தக் கழியைக் கத்துக்கலாமா பஞ்சு?" என்று கேட்டால், பஞ்சு, "எதுக்குக்கா? நான் இருக்கேன்ல!" என்று அவசரமாகச் சொல்லிவிடும். கணக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டால் கொக்கும் வேண்டாம் என்று இறக்கிவிடுவார்களோ என்று அதற்குப் பயம்.

ஒருநாள் காலையில் மலைச்சியின் கன்று உருண்டை, ஒரு தவளையைத் துரத்திக்கொண்டு ஆற்றோரச் சேற்றில் இறங்கிவிட்டது. தவளை போய்விட்டது. உருண்டை வயிறுவரை புதைந்து நின்றது.

"அம்மா! கால் வரமாட்டேங்குது!"

மலைச்சி ஒரு காலை வைத்தது. கால் முட்டிவரை உள்ளே போனது. பதறிப் பின்வாங்கியது. மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றுத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவந்தது.

மலைச்சி கண்ணாலேயே தூரத்தை அளந்தது. "முப்பத்தாறு தடம்! அவ்வளவு நீளத்துக்கு முறுக்கின கொடி வேணும். அக்கரைக் குரங்குகளைக் கேளுடா பஞ்சு! பற!"

பஞ்சு பறந்தது. பறந்துகொண்டே கணக்குப் போட்டது. முப்பத்தாறில் மூன்றில் இரண்டு... இருபத்து நான்கு. அக்கரை மரத்தின்மேல் வட்டமடித்துக்கொண்டே கத்தியது. "தாண்டவா! உருண்டை சேத்துல மாட்டிக்கிட்டான்! இருபத்து நாலு நீளத்துக்குக் கொடி வேணும்! சீக்கிரம்!"

பதில்கூடக் கேட்காமல் திரும்பிவிட்டது.

குரங்குத் தலைவன் தாண்டவன் நல்லவன். கூட்டத்தையே கூட்டிக் கொடி முறுக்கி, பொதுக்கழியால் அளந்து, ஆற்றின்மேல் சாய்ந்திருந்த மரம் வழியாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஒரு நுனியை யானைகள் பிடித்துக்கொண்டன. மறு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு, சேற்றின்மேல் தழையைப் பரப்பி, அதன்மேல் தாண்டவன் தவழ்ந்து போனான். பாதி வழிக்குமேல் போனான். அங்கேயே நின்றான்.

கொடி தீர்ந்துவிட்டது! உருண்டை இன்னும் எட்டாத தூரத்தில் நின்றது. தண்ணீர் அதன் தாடையைத் தொட்டது.

"ஒரு கொடியை ஒழுங்கா முறுக்கத் தெரியாதா?" என்று மலைச்சி பிளிறியது.

"நீங்க கேட்ட அளவுதாங்க!" என்று தாண்டவன் கத்தினான். "இருபத்து நாலு தடம்னா பதினாறு கழி! யானைங்க தடத்துலதானே சொல்வீங்க? நாங்களே மாத்தி, சரியா பதினாறு கழி முறுக்கியிருக்கோம்!"

பஞ்சுவின் இறகெல்லாம் சிலிர்த்தது. அதற்குப் புரிந்துவிட்டது. தானும் மாற்றியாயிற்று. குரங்குகளும் மாற்றியாயிற்று. இருபத்து நாலு என்று மட்டும் கத்திவிட்டு, தடமா கழியா என்று சொல்லாமல் வந்துவிட்டோம்!

பேசாமல் இருந்தால் பழி குரங்குகள்மேல் போகும். தன் இடம் தப்பும். ஒரு நொடி அந்த நினைப்பும் வந்தது. ஆனால் உருண்டை தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டி மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் பஞ்சுவால் தாங்கமுடியவில்லை.

"அக்கா! தப்பு என்னோடது!" என்று அலறியது. "நான் மாத்தித்தான் சொன்னேன். கழின்னு சொல்லாம விட்டுட்டேன். அவங்க ரெண்டாவது தடவை மாத்திட்டாங்க!"

"சரி, இப்ப இன்னும் எவ்வளவு வேணும்?"

பஞ்சு கணக்குப் போட்டுப் பார்த்தது. மூன்றும் இரண்டும் ஒன்றரையும் தலைக்குள் கலந்துபோயிருந்தன.

மலைச்சி சேற்றின் பக்கம் திரும்பியது. "தாண்டவா! நீயே சொல்லு! உன் கழியிலயே சொல்லு!"

"எட்டு கழி! முடிச்சுக்கு ஒண்ணு. ஒன்பது!"

"ஒன்பது கழி!" என்று மலைச்சி கூட்டத்தைப் பார்த்துப் பிளிறியது. யானையின் வாயிலிருந்து கழிக் கணக்கில் ஓர் அளவு வந்தது அதுதான் முதல் தடவை.

யானைகள் பக்கத்து மரங்களிலிருந்து கொடியைப் பிய்த்து இழுத்துப் போட்டன. குரங்குகள் முறுக்கின. அளப்பதற்காக ஒரு குரங்கு பொதுக்கழியைத் தரையில் வைத்தது. வயதான யானை ஒன்று பழக்கதோஷத்தில் தும்பிக்கையை நீட்டியது.

"அதைத் தின்னாதே!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது.

ஒன்பது கழிக் கொடி தயாரானது. கரையில் இருந்த நுனியோடு அதை முடிச்சுப் போட்டு இறுக்கினார்கள். தாண்டவன் நுனியைக் கொண்டுபோய் உருண்டையின் முன்கால்களுக்குப் பின்னால் சுற்றிக் கட்டினான். "இழுங்க!"

ஏழு யானைகள் இழுத்தன. முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு 'ப்ளக்' என்று ஒரு சத்தம். சேற்று உருண்டையாக உருண்டை வழுக்கிக்கொண்டு வந்து கரையில் விழுந்தது.

அப்பாடா! மலைச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கன்றைத் தும்பிக்கையால் தடவித் தடவிப் பார்த்தது. குரங்குகள் கட்டிப்பிடித்துக் குதித்தன. சற்றுமுன் திட்டியதை நினைத்து வெட்கப்பட்டு, மலைச்சி தாண்டவனைத் தன் தலைமேல் தூக்கி உட்காரவைத்தது.

"அம்மா, பசிக்குது!" என்றது உருண்டை. சுற்றுமுற்றும் பார்த்தது. தரையில் கிடந்த பொதுக்கழியை எடுத்துக் கடித்தது.

யாரும் தடுக்கவில்லை. சிரித்துச் சிரித்து எல்லார் கண்ணிலும் தண்ணீர்.

"இப்படிப் போனா நாங்க எப்பத்தான் கழியைக் கத்துக்கிறது?" என்றது மலைச்சி.

தாண்டவன் யோசித்தான். அக்கரையிலிருந்து வேறொரு பொதுக்கழியைக் கொண்டுவரச் சொல்லி, யானைகள் முதுகு தேய்க்கும் பாறையின்மேல் வைத்து, அதன் நீளத்துக்கு ஒரு கோடு கீறினான். பாறையைத் தின்னும் யானை இல்லை. அந்த அளவு அங்கேயே நின்றது.

பஞ்சு தலையைக் குனிந்துகொண்டு வந்தது. "அப்ப நான் இறங்கிக்கட்டுமாக்கா?"

"எதுக்கு?"

"இனிமே கணக்குச் சொல்ல வேண்டாமே."

"உன்னைக் கணக்குக்கா முதுகுல வெச்சிருந்தேன்? காதுக்குப் பின்னாடி ஒரு உண்ணி காலையிலேர்ந்து பிடுங்குது. நீ கணக்குன்னு சுத்த ஆரம்பிச்சதிலேர்ந்து உண்ணியை யாருமே பார்க்கல. ஏறு!"

பஞ்சு ஏறியது. உண்ணியைக் கொத்தி விழுங்கியது. தலைக்குள் மூன்றும் இல்லை, இரண்டும் இல்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு வெயிலில் கண்ணை மூடி நிம்மதியாகத் தூங்கியது.

யானைகள் இன்றும் தங்களுக்குள் உப்புப்பாறைக்கு இத்தனை தடம் என்றுதான் பேசிக்கொள்ளும். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்களிடம் பேசும்போது கழி என்று பெயர் சொல்லித்தான் பேசும்.

எவ்வளவு பெரியவர்களாக இருந்தாலும், பிறர் துணை வேண்டுமென்றால் அவர்களுக்கும் புரியும் பொது அளவைக் காலத்தோடு கற்றுக்கொள்ளவேண்டும்.